வாரா வாரம் 1,500 ரூபாய்: வங்கிக் கணக்கில் ஒளிந்திருக்கும் சந்தாவைப் பிடிப்பது எப்படி

கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஆணி, கீல், குழாய் என்று எது குறைந்தாலும் மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவேன். "எங்கள் கணக்குப்பிள்ளையின் கண்ணில் ஒரு சதம்கூடத் தப்பாது" என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பெருமை பேசுவார். அந்தக் கணக்குப்பிள்ளையின் சொந்தச் சேமிப்புக் கணக்கிலிருந்து பதினொரு வாரம், ஒரு வாரமும் தவறாமல், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சொச்சம் போயிருக்கிறது. மொத்தம் 16,900 ரூபாய்க்கு மேல். முதலாளிக்கு இன்றுவரை சொல்லவில்லை.

நடந்தது இதுதான். மகனின் மேற்படிப்பு விண்ணப்பத்துக்குச் சான்றிதழ்களை அனுப்பவேண்டியிருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குக் கீழேயே, பிரதி எடுத்துத் தரும் கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. நான்கு மாடி இறங்கி ஏறப் பஞ்சிப்பட்டு, கைப்பேசியிலேயே பிரதி எடுக்கும் செயலி ஒன்றை இறக்கினேன். மூன்று நாள் இலவசம் என்று பெரிய நீலப் பொத்தான். அதன் கீழே, வெள்ளைத் திரையில் வெளிர்ச் சாம்பல் எழுத்தில், அதன்பின் வாரத்துக்கு 4.99 டொலர் என்று ஒரு வரி. அட்டை இலக்கம் கேட்டது, கொடுத்தேன். ஓடிபி வந்தது, போட்டேன். ஆறு சான்றிதழ்களையும் அனுப்பிவிட்டுப் புட்டுக்கு மா குழைக்கப் போய்விட்டேன்.

பணம் போகும்போதெல்லாம் வங்கி குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறது. ஆனால் அதே பெயரிலிருந்துதான் பிட்சா தள்ளுபடியும் தங்கக் கடன் விளம்பரமும் வரும். தொல்லை தாங்காமல் அந்தப் பெயருக்கு வரும் ஒலியை எப்போதோ நிறுத்தியிருந்தேன். முதலில் நீங்கள் பார்க்கவேண்டியது இதைத்தான்: வங்கியின் செய்தி உங்களுக்குக் கேட்கிறதா, எந்த இலக்கத்துக்குப் போகிறது? வெளிநாடு போன பிள்ளையின் பழைய சிம்முக்கு அம்மாவின் கணக்குச் செய்தி போய்க்கொண்டிருக்கும் வீடு எங்கள் மாடியிலேயே இருக்கிறது.

இனி வங்கிக் கூற்று, அதாவது ஸ்டேட்மென்ட். பலர் மூன்று மாதக் கூற்றைப் புரட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இருபத்தைந்து மாதத்துக்கு எடுங்கள். வருடச் சந்தா பன்னிரண்டு மாதத்தில் ஒரே தடவைதான் தலை காட்டும்; ஒரு தடவை வந்த தொகையை ஏதோ வாங்கியிருப்போம் என்று மனம் தானாகவே சமாதானம் செய்துகொள்ளும். இருபத்தைந்து மாதம் எடுத்தால் அது இரண்டு தடவையாவது அகப்படும். வங்கியின் செயலியிலோ இணைய வங்கிச் சேவையிலோ மின்கூற்றாக இறக்கலாம். கிளையில் அச்சிட்டுத் தரச் சொன்னால் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். பாஸ் புத்தகம் மட்டும் வைத்திருப்பவர்கள் அதை நம்பி இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். அதில் இரண்டு மூன்று எழுத்துக் குறிதான் இருக்கும், யாருக்குப் போனது என்று இருக்காது.

கூற்றைத் திரையில் வாசிக்காமல் அச்சிட்டு, அடிமட்டத்தை வரிக்கு வரி நகர்த்தி, சிவப்புப் பேனையுடன் வாசிப்பவள் நான். யாருக்கு, எதற்கு என்று ஒரு மூச்சில் சொல்ல முடியாத வரிக்கெல்லாம் ஒரு புள்ளி. முதல் சுற்றில் ஆராயவேண்டாம், புள்ளி மட்டும் போதும். இரண்டாம் சுற்றில் புள்ளி போட்ட வரிகளின் திகதியைப் பாருங்கள். தொகையைப் பார்த்துத் தேடினால் ஏமாறுவீர்கள். என் கூற்றில் இருந்தது 1,536.40, பிறகு 1,541.15, பிறகு 1,538.90. மூன்றும் வேறு வேறு தொகை. யாரோ மூன்று கடையில் மூன்று சாமான் வாங்கியது போல இருந்தது. டொலரில் அறவிடுகிறார்கள், ரூபாய்க்கு மாற்றும் விலை நாளுக்கு நாள் மாறுகிறது, அதற்கு மேல் வங்கி தன் மாற்றுக் கட்டணத்தையும் சேர்க்கிறது, ஆகவே ஒரே சந்தா ஒவ்வொரு தடவையும் வேறு முகத்துடன் வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் இதே 4.99 டொலர் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்; மே நடுப்பகுதியில் 1,800. அந்த இரண்டு மாதத்தில் சந்தாக்காரன் ஒரு சதம்கூடக் கூட்டவில்லை. திகதியோ பொய் சொல்லாது. 4, 11, 18, 25 என்று எழுதிப் பார்த்தபோது எல்லாம் வியாழக்கிழமை. ஏழு நாள், ஒரு மாதம், ஒரு வருடம் என்று இடைவெளி சீராக இருந்தால் அது சந்தா.

அடுத்து, வரியில் உள்ள பெயர். நீங்கள் பாவிக்கும் செயலியின் பெயர் அங்கே இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. பணம் வாங்கும் கம்பனியின் பெயரும், அது பதிவான ஏதோ ஓர் ஊரின் பெயரும் இருக்கலாம். கூகுள் என்று தொடங்கி ஒரு நட்சத்திரக் குறியும் பிறகு செயலியின் பெயரும் வந்தால் கூகுள் பிளே மூலம் போகிறது. ஆப்பிள் டொட் கொம், அதன்பின் பில் என்று வந்தால் ஐபோனில் உள்ள ஏதோ ஒன்று. பேபால் என்று தொடங்கினால் நடுவில் பேபால் நிற்கிறது. எதுவும் புரியாவிட்டால் மின்னஞ்சலைத் திறந்து ரிசீட், ட்ரயல், ரினியூவல், சப்ஸ்கிரிப்ஷன் என்ற ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். டொலர் தொகையை இலக்கமாகவும் தேடுங்கள். விளம்பர மின்னஞ்சல்கள் சேரும் பகுதியில் நீங்கள் திறக்காத கடிதம் ஒன்று கிடக்கும்.

எங்கே சம்மதம் கொடுத்தோமோ அங்கேதான் அதை மீளப் பெறவேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரமும் இன்னும் இரண்டு தவணைப் பணமும் போயின. ஒன்பதாம் வாரத்தில் கண்டுபிடித்தவுடன் செய்த முதல் வேலை, கோபத்தில் செயலியை அழித்தது. அடுத்த வியாழக்கிழமையும் பணம் போனது, அதற்கடுத்த வியாழக்கிழமையும் போனது. கைப்பேசியில் இருந்தது செயலி. சந்தாவோ செயலிக் கடையில் என் கணக்கில் இருந்தது. ஆண்ட்ரொய்ட் கைப்பேசியானால் கூகுள் பிளேயைத் திறந்து, வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, கொடுப்பனவுகளும் சந்தாக்களும் என்ற பகுதிக்குப் போங்கள். ஐபோனானால் அமைப்புகளில் மேலே இருக்கும் உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாக்கள் என்று இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கணக்கிலும் பார்க்கவேண்டும். பேபாலானால் அதன் அமைப்புகளில் தன்னியக்கக் கொடுப்பனவுகள் என்ற இடம். நேரே கம்பனியின் தளத்தில் அட்டை கொடுத்திருந்தால் அந்தத் தளத்தில் நுழைந்து நிறுத்தவேண்டும், நிறுத்தும் பொத்தானைத் தேடிப் பிடிப்பதற்குள் மூன்று தடவை "உண்மையாகவே போகிறீர்களா?" என்று கேட்டு, பாதி விலைக்குத் தருகிறோம் என்பார்கள். இரங்கவேண்டாம். நிறுத்தியதும் அந்தத் திரையைப் படம் எடுங்கள், உறுதி செய்து வரும் மின்னஞ்சலை வைத்திருங்கள். அந்த ஒரு படத்தின் பெறுமதி பின்னால் தெரியும்.

அட்டையை மாற்றினால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு எங்கள் முதலாளியின் கதை. கடைக் கணினிக்கு வைரஸ் தடுப்பு மென்பொருள் வாங்கியிருந்தார், வருடத்துக்கு 79.99 டொலர். அடுத்த வருடம் வேண்டாம் என்று கம்பனிக்கு எழுதி, சரி நிறுத்திவிட்டோம் என்ற பதிலும் வந்தது. இடையில் அவருடைய கடனட்டை காலாவதியாகிப் புது அட்டை வந்தது. புது அட்டையிலும் 24,000 ரூபாய் ஏறியது. மந்திரம் ஒன்றுமில்லை. அட்டை மாறினால் புது விபரத்தைப் பழைய வணிகர்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு விசாவிடமும் மாஸ்டர்காட்டிடமும் உண்டு; வங்கி அதில் சேர்ந்திருந்தால் சந்தாவும் கூடவே குடிபெயரும். கணக்கை வெறுமையாக வைத்தாலும் சந்தா சாகாது. பணம் இல்லை என்று திரும்பிப்போய், சம்பளம் விழுந்த அன்று மீண்டும் வந்து தட்டும். ஓடிபி காப்பாற்றும் என்றும் நம்பவேண்டாம். முதல் தடவை மட்டும் கேட்டிருப்பார்கள்; தொடர்ந்து வரும் அறவீடுகளுக்கு அந்த முதல் சம்மதமே போதும்.

வணிகரிடம் நிறுத்தியாயிற்று, அல்லது நிறுத்தவே விடுகிறார்கள் இல்லை என்றால், அப்போதுதான் வங்கி. வங்கிக்குப் போகுமுன் ஒரு விடயத்தில் மனத்தில் தெளிவு வேண்டும்: இது மோசடியா, சந்தாவா? உங்களுக்கு முற்றிலும் தெரியாத அறவீடு என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அட்டையை முடக்குங்கள், மீதியைப் பிறகு பேசலாம். நீங்களே தொடங்கி மறந்த சந்தாவை "நான் செய்யவே இல்லை" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நான்காம் மாடி மாமி அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். கம்பனியோ அவர் பதிவு செய்த நாள், நேரம், மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும் அனுப்பிவிட்டது. உண்மையான குறை ஒன்று இருந்தும், சொன்ன பொய்யால் மாமியின் முறைப்பாடு அங்கேயே விழுந்தது. "நிறுத்திய பிறகும் அறவிட்டார்கள்" என்பது வேறு வழக்கு. அதற்கு விசா, மாஸ்டர்காட் போன்ற அட்டை வலையமைப்புகளின் விதிகளில் தனி வகையே இருக்கிறது. விசாவின் விதிகளில் 2020 ஏப்ரல் முதல் இன்னொன்றும் உண்டு: இலவசப் பரீட்சார்த்தம் கொடுத்துச் சந்தாவாக மாற்றுகிறவர்கள் நிபந்தனைகளுக்கு வெளிப்படையான சம்மதம் வாங்கவேண்டும், பணம் எடுக்கத் தொடங்குமுன் நினைவூட்டவேண்டும், இணையத்தில் இலகுவாக நிறுத்த வழி வைக்கவேண்டும். இவற்றில் எது நடக்கவில்லையோ அதைச் சொல்லுங்கள்.

கால எல்லை முக்கியம். இந்த வகைத் தகராறுகளுக்கு வலையமைப்பு விதிகளில் பொதுவாக 120 நாள். உங்கள் வங்கியின் நிபந்தனைப் பத்திரத்தில் அதைவிடக் குறைவாக எழுதியிருக்கலாம், ஆகவே கண்டவுடன் போய்விடுங்கள். தொலைபேசியில் அழைத்து இலக்கம் வாங்கிக்கொண்டாலும், எழுத்தில் ஒரு கடிதம் கொடுப்பது என் வழக்கம். முதலாளிக்கு நான் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி:

"4417 என முடியும் எனது கடனட்டையில், இணைப்பில் வட்டமிட்டுக் காட்டிய தொகை இன்ன திகதியில் அறவிடப்பட்டுள்ளது. இந்தச் சந்தாவை அதற்கு முன்பே, இன்ன திகதியில், நிறுத்திவிட்டேன். வணிகரின் பதில் மின்னஞ்சல் இணைக்கப்பட்டுள்ளது. தொகையை மீளப் பெறுவதற்கான தகராறு நடைமுறையைத் தொடங்குமாறும், இதே வணிகரிடமிருந்து இனி வரும் தொடர் அறவீடுகளைத் தடுக்குமாறும், முறைப்பாட்டு இலக்கத்தையும் முடிவையும் எழுத்தில் தருமாறும் வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். இருபது வருட வாடிக்கையாளர், மனவேதனை, நம்பிக்கைத் துரோகம் எதுவும் அதில் இல்லை. முதலாளி அவற்றையும் சேர்க்கச் சொன்னார், நான் சேர்க்கவில்லை. முழு அட்டை இலக்கத்தை எழுதவேண்டாம், கடைசி நான்கு இலக்கம் போதும். கடிதம் தமிழில் இருக்கலாம். ஆனால் தகராறுப் படிவத்தில் நடந்ததை இரண்டு வரி ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அது கடல் கடந்து வணிகரின் வங்கிக்குப் போகிற காகிதம். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கிளையை விட்டு இறங்காதீர்கள். அன்று கருமபீடத்தில் இருந்த தம்பி, "முத்திரை தேவையில்லை மேடம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். "நீங்கள் பார்ப்பீர்கள் தம்பி, அடுத்த மாதம் நீங்கள் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போனால் யார் பார்ப்பது?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே குத்தித் தந்தார். ஒன்றரை மாதத்தில் முதலாளியின் பணம் திரும்பி வந்தது. என் விடயத்தில் வங்கியிடம் கேட்க எனக்கு நியாயம் இல்லை. சந்தாவை ஒழுங்காக நிறுத்திய பிறகு ஒரு சதமும் போகவில்லை. செயலிக்காரருக்குப் பணிவாக எழுதினேன், நான்கு வாரப் பணம் திருப்பித் தந்தார்கள். மீதி ஏழு வாரம் என் கணக்கு. கூகுள் பிளேயில் வாங்கியது 48 மணித்தியாலத்துக்கு உட்பட்டதானால் அங்கேயே பணம் திரும்பக் கேட்கலாம், பிந்திவிட்டால் செயலிக்காரரிடம்தான் கேட்கவேண்டும். ஆப்பிளில் பிரச்சினையைத் தெரிவிக்க அதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது.

வங்கி பதிலே சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பதில் மழுப்பலாக இருந்தால், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது. தொலைபேசி 1935. வங்கிகளிடம் நுகர்வோர் எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு 2023 இல் ஒழுங்குவிதிகளும் வந்திருக்கின்றன. இன்னொரு வாசல், வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன். பிள்ளையாரைக் கும்பிட நாங்கள் போகிற அதே வஜிரா வீதியில்தான் அந்த அலுவலகமும். இரண்டு இடத்திலும் முதல் கேள்வி, "வங்கிக்கு எழுதினீர்களா?" என்பதுதான். அந்த முத்திரை குத்திய பிரதியை அப்போது மேசையில் வையுங்கள்.

சிவப்புப் புள்ளிகளில் சில வங்கியின் சொந்தக் கைவரிசையாக இருக்கும். குறுஞ்செய்திக் கட்டணம், அட்டையின் வருடக் கட்டணம், மீதி குறைந்ததற்கான கட்டணம். இவற்றைக் கட்டணப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். கடனட்டையில் மாதாமாதம் ஏறும் காப்புறுதித் தவணை மட்டும் கவனத்துக்குரியது. மத்தியானத் தூக்கத்தில் வந்த அழைப்புக்கு "ம்ம், சரி" என்றிருப்பீர்கள். அந்த அழைப்பின் ஒலிப்பதிவைக் கேளுங்கள். கேட்டாலே சிலவேளை தவணையைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். ஜிம், காப்புறுதி என்று தவறாமல் பணம் அனுப்பச் சொல்லி நீங்களே கிளையில் கையெழுத்திட்டுக் கொடுத்த நிலையியற் கட்டளை (ஸ்டாண்டிங் ஓடர்) இருந்தால் அதை எழுத்தில் இரத்துச் செய்யவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சந்தாவை நிறுத்தித் தருகிறோம், பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது அழைத்து ஓடிபி கேட்டால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். பணம் உள்ளே வருவதற்கு ஓடிபி வேண்டியதில்லை. இணையத்தில் தேடிக் கிடைக்கும் "வாடிக்கையாளர் சேவை" இலக்கங்களையும் நம்பவேண்டாம். அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் இலக்கம் ஒன்றுதான் இலக்கம்.

இப்போது இணையத்துக்கென்று தனியாக ஒரு கணக்கும் டெபிட் அட்டையும் வைத்திருக்கிறேன். மாதம் ஐயாயிரத்துக்கு மேல் அதில் போடுவதில்லை. சம்பளக் கணக்கின் அட்டைக்கு இணையக் கொடுப்பனவு எல்லையை வங்கிச் செயலியில் பூச்சியமாக்கிவிட்டேன். இலவசம் என்று எதையாவது தொடங்கினால் அதே நிமிடத்திலேயே சந்தாவை நிறுத்திவிடுகிறேன். பெரும்பாலான செயலிகள் இலவச நாட்கள் முடியும்வரை அப்படியே வேலை செய்கின்றன.

வங்கிக் கூற்றில் அகப்படாத இன்னோர் ஓட்டை கைப்பேசியின் மீதி. அம்மாவுக்கு 81 வயது. பழைய பொத்தான் போனில் நூறு ரூபாய் ரீலோட் போட்டால் நான்கு நாளில் காலி, அவரோ யாரையும் அழைப்பதே இல்லை. சேவை நிலையத்துக்கு அழைத்துக் கேட்டேன். நான்கு சேவைகள் ஓடிக்கொண்டிருந்தன: கிரிக்கெட் ஓட்ட விபரம், ஆங்கிலச் சொல் ஒன்று, அழைப்பவருக்குக் கேட்கும் பாட்டு, ராசி பலன். நாளுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றும் சில ரூபாய். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, நிறுத்தியதற்குக் குறுஞ்செய்தியும் வாங்கினேன். மறுத்திருந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 க்கு அழைப்பதாக இருந்தேன், தேவைப்படவில்லை.

நான்காம் நாள் காலை அம்மா போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பழுதாகிவிட்டதா பிள்ளை? மூன்று நாளாக எனக்கு ராசி பலன் வரவில்லை."

அந்த ஒன்றை மட்டும் மீண்டும் போட்டுக் கொடுத்தேன். மற்ற மூன்றையும் பற்றி அவர் கேட்கவில்லை.